ஓய்வு, பத்து வினாடி

ரெலாவில், டோபிக் கடைக்கு மேல்மாடி.
மணிக்கு முப்பது வெள்ளி, பசியாற ரொட்டி சானாயும் உண்டு
என்று தேவநாயகிதான் சொல்லி அனுப்பினாள்.

முழங்கைக்குக் கீழே பட்டை கட்டினான் சின் ஹூய்.
உள்பக்கம் எட்டு உலோகப் பொட்டுகள், ஜில்லென்று.
பிறகு கண்ணுக்குக் கனத்த கண்ணாடி.
ரெலாவ் அணைந்துபோனது.
வெள்ளை அறை. மேசை. மேசைமேல்
ஒரு சிவப்புக் கோப்பை.
அதற்கு நிழல்கூட இருந்தது.
குனிந்து பார்த்தால் எனக்குத்தான் மடி இல்லை.

"கையை ஆட்ட வேண்டாம், காக்.
ஆட்ட நினைத்தால் போதும்.
தசை பேசுவதைப் பெட்டி கேட்டுக்கொள்ளும்."
மலாயில் காக் என்றால் அக்கா.
அவன் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு
சன்னலில் காக்கை வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

முதலில் ஓய்வைப் பதிய வேண்டுமாம்.
ஒன்றும் செய்யாத கை எப்படி இருக்கும் என்று
தெரிந்தால்தானே
செய்கிற கையைப் பெட்டி அடையாளம் காணும்.
"ஓய்வு. பத்து வினாடி."

போட்டேன், கையை,
அது என்னுடையதே இல்லை என்பது போல.
"இல்லை, காக். இன்னொரு தரம்."
போட்டேன்.
"இன்னொரு தரம்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைக் காட்டினான்.
எட்டுக் கோடுகள். ஆறு படுத்திருந்தன.
இரண்டு மட்டும்
கொதிக்கப் போகிற உலைத்தண்ணீர் மாதிரி
சிலுசிலுத்துக்கொண்டே இருந்தன.

பட்டையைக் குறை சொன்னான்.
பொட்டுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான்.
கீழே துணி காயும் இயந்திரங்களின் அதிர்வு என்றான்;
இறங்கிப் போய், காசு போட்டவர்களிடம் கெஞ்சி,
இரண்டை நிறுத்திவிட்டு வந்தான்.
கடைசியில் தன் கையிலேயே கட்டிப் பார்த்தான்.
எட்டும் படுத்துக்கொண்டன,
பாலத்தடிக் கடல் சில காலைகளில் கிடக்குமே, அப்படி.

இருபத்துமூன்று வயது இருக்கும் அவனுக்கு.
என் கையைக் கூர்ந்து பார்த்தான்.
"எதைப் பிடித்திருக்கிறீர்கள்?"
"ஒன்றுமில்லையே."
"இல்லை. எதையோ."

நானும் பார்த்தேன்.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
தொட்டும் தொடாமலும்.
நடுவே ஓர் அரிசி முனை இடைவெளி.

இடுக்கி.

பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருஷம்,
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.
நுண்ணோக்கிக்கு அடியில் சில்லு, நகத்தில் பாதி.
அழுத்தினால் விளிம்பு உடையும்.
தளர்த்தினால் தரையில் விழும், சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது.
இடுக்கியை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை.
வாசலில் பையைச் சோதிப்பார்கள்.
கையைச் சோதித்ததில்லை.

ஆக, இதைப் பிடித்துக்கொண்டுதான்
இத்தனை நாளும் மோட்டாரில் பாலம் ஏறியிருக்கிறேன்.
மகளுக்குச் சடை பின்னியிருக்கிறேன்.
கல்யாண வீட்டுத் தட்டில் குங்குமம் எடுத்திருக்கிறேன்.
தூங்கியும் இருக்கிறேன்.

அரை மணி நேரம் என்னவோ தட்டினான் சின் ஹூய்.
ரொட்டி ஆறித் தோலாகிவிட்டது, பிய்த்துத் தின்றேன்.
பிறகு சொன்னான்:
"உங்கள் இடுக்கியையே சுழியம் என்று வைத்துவிட்டேன்.
அதற்கு மேல் வருவது மட்டும்தான் இனிக் கணக்கு."

நினைத்தேன்.
கோப்பை எழுந்தது.
உடையவில்லை, நழுவவில்லை,
ஒரு சாண் உயரத்தில் சும்மா நின்றது.
முதல் நாளில் எல்லாரும் நசுக்கிவிடுவார்களாம்,
இல்லையென்றால் போட்டுவிடுவார்களாம்.
"எப்படி, காக்?"
இல்லாததைப் பிடிப்பது எனக்கென்ன புதுசா, தம்பி,
என்று சொல்லும் அளவுக்கு
என் மலாய் போதவில்லை. சிரித்தேன்.

இரண்டு மணி நேரம், அறுபது வெள்ளி.
கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினான்.
வாங்க, விரல்களை அகட்ட வேண்டியிருந்தது.
அகட்டினேன்.
ஏதோ விழுந்திருக்கும் என்று
தரையைப் பார்த்தேன்.